கை நீட்டுகிறவன்

புந்தா அரேனாஸில் காற்றுக்குச் சனிக்கிழமையும் வேலைநாள்.
வெளியே ஊஞ்சல்கள் ஆளில்லாமல் ஆடுகின்றன.
பிள்ளைகளை எல்லாம்
தகரக் கூரைக் கூடத்துக்குள் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள்.

பல்தசாருக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும்.
கைவசம் பதினோரு சொற்கள்.
பால், நாய், வேண்டாம், கப்பல்,
இன்னொரு கப்பல் (அது வேறு).
'தா' இன்னும் வந்து சேரவில்லை.

சிவப்பு டிராக்டர் ராயேனிடம் இருக்கிறது.
கை நீட்டுகிறான்.
கேட்கிற கையா, அடிக்கிற கையா
என்று பாதி தூரம்வரை
அந்தக் கைக்கே தெரியாது.

பளாரென்று ஒரு சத்தம்.
கூடம் ஒரு நொடி மூச்சைப் பிடித்தது.
அதற்குப் பிறகுதான் ராயேன் அழுதாள்.

ராயேனின் அப்பா எலாதியோ எழுந்து நின்றார்.
ஜலசந்தி கடக்கும் படகில் வேலை,
ஆரஞ்சு மேலங்கியோடு அப்படியே வந்தவர்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதது எல்லோருக்கும் கேட்டது.

"கையிலே ஒண்ணு வை, தெரியும்"
என்றாள் எதெல்வினா, பின்னல் ஊசியை நிறுத்தாமல்.
"என் பிள்ளைங்க நாலும் அப்படித்தான் திருந்துச்சு."
நாலில் ஒருவன் அவளோடு பேசி ஆறு வருடமாகிறது.

யாஸ்னாவுக்குக் கழுத்திலிருந்து காதுவரை சுட்டது.
அவளுக்கும் கை இருக்கிறது,
வாரம் ஆறு நாள்
தொழிற்சாலையில் நண்டு ஓடு உடைக்கிற கை.

முதலில் ராயேனிடம்தான் போனாள்.
முட்டி போட்டாள்.
"வலிக்குது. ஆமா. இங்கேயா?"
ராயேன் கன்னத்தைக் காட்டினாள்,
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று,
முழங்காலில் இருந்த பழைய காயத்தையும்.

மகனுடைய இரண்டாவது அடி
ஏற்கெனவே பாதி வழியில் இருந்தது.
அதைப் பிடித்தாள்,
தொட்டியிலிருந்து உயிர் நண்டை எடுப்பதுபோல.
நெரித்தால் கால் ஒடியும்.
தளர்த்தினால் கவ்வும்.

"அடிக்க விடமாட்டேன்" என்றாள்,
பேருந்து போய்விட்டது என்று சொல்கிற குரலில்.
ஏன் அடித்தாய் என்று கேட்கவில்லை.
பதினோரு சொற்களில்
ஏன் என்பதற்கு இடம் ஏது?

தாழ்வாரத்தில், தொங்கும் கோட்டுகளுக்குக் கீழே
அவன் கத்தினான். உதைத்தான்.
தலையால் முட்டியதில் அவள் நாக்கு பல்லில் மாட்டி
வாயில் உப்புக் கரித்தது.
"என்னையும் அடிக்க விடமாட்டேன்."
இந்தத் தரம் குரல் கொஞ்சம் பிசிறியது.
வலது கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பொறுமைசாலி என்று பார்ப்பவர்கள் சொல்லலாம்.
உள்ளே இவ்வளவுதான்:
ஒரு கையின்மேல்
ஒரு உடம்பு உட்கார்ந்திருக்கிறது.

கூரைத் தகரம் அடித்துக்கொண்டது. அவன் ஓய்ந்தான்.
யாருடையதோ கோட்டின் ஜிப்பை
மேலே இழுத்தான், கீழே இழுத்தான், மேலே.
மரத்துப்போன கையை விடுவித்து
உள்ளங்கை மேலே பார்க்க நீட்டினாள்.
"இப்படி. தா."
வெகுநேரம் பார்த்தான்.
தன் வாயிலிருந்த பிஸ்கட்டை எடுத்து
அதில் வைத்தான்.

சொல்லிக்கொடுக்க நினைத்தது அதுவல்ல.
தின்றுவிட்டாள்.

திரும்பிப் போனபோது டிராக்டர் வேறொரு பையனிடம்.
பத்து நிமிடத்தில் அவனுக்கும் ஒன்று விழுந்தது.
மறுபடி முட்டி, மறுபடி அதே வாக்கியம்.
எதெல்வினா ஊசியைப் பார்த்தபடி உச்சுக்கொட்டினாள்.
எலாதியோ மட்டும், என்ன நினைத்தாரோ,
அடிபட்ட பையன் பக்கம் போய்
அவரும் முட்டி போட்டார்.
ஆரஞ்சுத் துணி முறுமுறுத்தது.

காப்பகத்துக் குறிப்பேட்டில் அடுத்த வாரம்:
செவ்வாய் மூன்று. வியாழன் ஒன்று. வெள்ளி நான்கு.
இறங்குகிறது என்று யாரும் சொல்ல முடியாது.

சனி மாலை வீடு திரும்பும்போது
முனையில் காற்று ஆளைத் தள்ளியது.
நடக்கிறவர்களுக்காகக் கட்டிய கயிற்றை
யாஸ்னா ஒரு கையால் பிடித்தாள்,
இன்னொரு கையில் அவன்.
குல்லாயைப் பறித்துக்கொண்டு ஓடியது காற்று.
பல்தசார் கையை ஓங்கி
அதை அடித்தான். மறுபடி அடித்தான்.
பல்லைக் கடித்துக்கொண்டு
முகம் சிவக்கச் சிவக்க அடித்தான்.

அதை மட்டும் விட்டுவிட்டாள்.